உருசியர் கொண்டாடும் பெருநாள்கள்: மரபும் அரசும்

முன்னுரை

ஓர் இனத்தாரின் வாழ்வியலை அறிய விழைவோர்க்கு அவ்வினத்தாரின் பெருநாள்கள் சிறந்த வாயிலாக அமைகின்றன. உருசிய மக்களின் வாழ்வு தமிழ் வாசகர்க்கு முற்றிலும் புதியதன்று. சோவியத்து ஒன்றியம் நிலவிய காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள் வழியாக தால்ஸ்தாய், செகாவ், கோர்க்கி முதலியோர் நம் வீட்டு நூலடுக்குகளுக்கு வந்து சேர்ந்தனர். எனினும் அந்நூல்களில் இடம்பெறும் விழாக்களை நாம் பெரும்பாலும் பொருளுணராமலே கடந்து சென்றிருக்கிறோம். தால்ஸ்தாயின் 'புத்துயிர்ப்பு' புதினத்தில் நெஹ்லூதவும் காத்யூஷாவும் உயிர்ப்புப் பெருவிழா இரவில் முத்தமிட்டுக் கொள்ளும் காட்சி இதற்குத் தக்க சான்றாகும். அன்றிரவு ஆண்டானும் பணிப்பெண்ணும் உடன்பிறந்தார்போல் முத்தமிட்டு வாழ்த்துவது சமயம் வகுத்த முறை என்பதை அறியாத வாசகர், அதனை வெறும் காதற்காட்சியாகவே கொள்வர். பின்னர் நிகழும் துரோகத்தின் கொடுமையும் அவர்க்கு முழுமையாக விளங்காது.

நாம் முனைவர் பட்ட ஆய்விற்காக அயல்நாட்டில் தங்கியிருந்தபோது, உடன் பயின்ற உருசிய மாணவி ஒருவர் ஜனவரி முதல் நாள் நமக்குப் புத்தாண்டு வாழ்த்துக் கூறினார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே வாழ்த்தைக் கூறினார். வேடிக்கை என்றே முதலில் எண்ணினோம். அவர் கூறியது 'பழைய புத்தாண்டு' வாழ்த்து என்பதும், முரண்போலத் தோன்றும் அப்பெயர்க்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியுள்ளது என்பதும் பின்னரே விளங்கின.

உருசியப் பெருநாள்களில் உழவர் மரபு, கிறித்துவச் சமய மரபு, சோவியத்து ஆட்சி, 1991க்குப் பிந்திய அரசு என நான்கு அடுக்குகளைக் காணலாம். ஆட்சிகள் மாறியபோதெல்லாம் பெருநாள்களின் பெயர்களும் நாள்களும் மாற்றப்பட்டன. சில தடை செய்யப்பட்டன. ஆயினும் வீட்டிற்குள் நிகழும் செயல்கள், அதாவது மரம் நடுதல், அப்பம் சுடுதல், கல்லறைக்குச் செல்லுதல் போன்றவை, புதிய பெயரின்கீழ்த் தம்மைத் தக்கவைத்துக் கொண்டன. பெருநாளுக்குப் பெயரிடும் ஆற்றல் அரசிடம் உண்டு. அதனை வாழவைக்கும் ஆற்றல் வீட்டாரிடமே உண்டு. இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உருசியக் கூட்டமைப்பில் தாத்தார் முதலிய பல இனத்தார் வாழ்கின்றனர். அவர்தம் விழாக்கள் தனி ஆய்வுக்குரியன. இங்கு உருசியர் விழாக்களை மட்டுமே எடுத்துக் கொள்கிறோம்.

இரு நாட்காட்டிகள்

உருசியப் பெருநாள்களைப் புரிந்துகொள்வதற்கு அவர்தம் நாட்காட்டியின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் இறுதி வரை அங்கு ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தொடங்கியது. ஆண்டுகள் உலகப் படைப்பிலிருந்து கணக்கிடப்பட்டன. பேரரசர் முதலாம் பீட்டர் 1699 டிசம்பரில் பிறப்பித்த ஆணையால் 7208ஆம் ஆண்டு இடையிலேயே முடிவுற்று, 1700 ஜனவரி முதல் நாள் புத்தாண்டாயிற்று. வீட்டு வாயில்களை ஊசியிலை மரக் கிளைகளால் அணிசெய்ய வேண்டும் என்றும் அவ்வாணை கூறியது. எனவே உருசியாவில் ஜனவரிப் புத்தாண்டு தொடக்கத்திலேயே அரசாணையால் பிறந்த விழா என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் பீட்டர் ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினார். மேலை நாடுகளின் கிரெகொரியன் நாட்காட்டியை உருசியா ஏற்றது புரட்சிக்குப் பின்னரேயாகும். அதன்படி 1918ஆம் ஆண்டு ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. இடைப்பட்ட 13 நாள்கள் நாட்காட்டியிலிருந்து மறைந்தன. உருசிய மரபுவழித் திருச்சபையோ இம்மாற்றத்தை ஏற்காமல் பழைய கணக்கையே இன்றும் பின்பற்றி வருகின்றது. டிசம்பர் 25ஆம் நாளுக்குரிய கிறிஸ்து பிறப்பு விழா அங்கு ஜனவரி 7ஆம் நாள் வருவதன் காரணம் இதுவே. 1917 அக்டோபர் 25ஆம் நாள் நிகழ்ந்த 'அக்டோபர் புரட்சி'யின் ஆண்டுவிழா நவம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்பட்டதற்கும் இதுவே காரணமாகும். பழைய கணக்கின்படி ஜனவரி முதல் நாள் இன்றைய ஜனவரி 14இல் வருகின்றது. அதற்கு முந்திய இரவே நமக்கு வாழ்த்துக் கூறப்பட்ட 'பழைய புத்தாண்டு' ஆகும்.

இதனை வெறும் பழம்பற்று என ஒதுக்கிவிட இயலாது. திருச்சபைக் கணக்கின்படி நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை 40 நாள் நோன்புக் காலமாகும். ஆதலின் ஜனவரி முதல் நாள் நோன்பு நோற்போர்க்கு இறைச்சி விலக்கிய நாளாகிவிடுகின்றது. நோன்பு முடிந்தபின் வரும் பழைய புத்தாண்டில் அவர்கள் தடையின்றி விருந்துண்ணலாம்.

புத்தாண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவும்

இன்றைய உருசியரின் வீட்டு விழாக்களுள் தலைமையானது புத்தாண்டே. வண்ண விளக்குகள் பூட்டிய 'யோல்கா' என்னும் ஊசியிலை மரம், பரிசு கொணரும் 'பனித் தாத்தா' (தேத் மரோஸ்), அவருடைய பெயர்த்தி 'பனிமகள்' (ஸ்னெகூரச்கா) ஆகியவை இவ்விழாவின் அடையாளங்களாகும். நாட்டார் கதைகளில் உலவிய பனிமகளை இலக்கியத்திற்குள் கொணர்ந்தது அஸ்த்ரோவ்ஸ்கி 1873இல் வெளியிட்ட நாடகமாகும்.

இம்மரத்தின் வரலாறு நம் கவனத்திற்குரியது. ஜெர்மானியர் வழியாக வந்து 19ஆம் நூற்றாண்டில் உருசிய நகரங்களில் பரவிய இது, முதலில் கிறிஸ்து பிறப்பு விழா மரமாகவே இருந்தது. 1920களின் இறுதியில் சமய எதிர்ப்பு இயக்கம் வலுத்தபோது கிறிஸ்து பிறப்பு விழா விடுமுறை நீக்கப்பட்டது. மரமும் பழமையின் சின்னமெனக் கண்டிக்கப்பட்டது. பின்னர் 1935 டிசம்பர் 28ஆம் நாள் 'பிராவ்தா' நாளிதழில் கட்சித் தலைவர்களுள் ஒருவரான பவெல் போஸ்திஷெவ், குழந்தைகளுக்குப் புத்தாண்டு மரம் அமைத்துத் தர வேண்டுமென எழுதினார். சில நாள்களுக்குள்ளாகவே மரம் மீண்டது. ஆனால் அது இப்பொழுது புத்தாண்டு மரம். உச்சியில் பெத்லகேம் விண்மீனுக்கு மாறாக ஐந்து முனைச் செவ்விண்மீன். மரமும் பரிசும் தாத்தாவும் ஒரு விழாவிலிருந்து மற்றொரு விழாவுக்கு இடம்பெயர்ந்தன. 1947 டிசம்பரில் பிறந்த ஆணையால் ஜனவரி முதல் நாள் மீண்டும் விடுமுறை நாளாயிற்று.

நள்ளிரவில் கிரெம்ளின் மணிக்கூண்டின் 12 மணியோசையைத் தொலைக்காட்சியில் கேட்டவாறு கோப்பை உயர்த்துவது இன்றைய வழக்கம். மேசையில் 'ஒலிவியே' எனும் கலவை உணவும் மாண்டரின் ஆரஞ்சுகளும் தவறாது இடம்பெறும். 19ஆம் நூற்றாண்டில் மாஸ்கோவில் உணவகம் நடத்திய ஒலிவியே என்பாரின் பெயரைத் தாங்கிய இவ்வுணவு, சோவியத்துக் காலத்தில் உருளைக்கிழங்கு, பட்டாணி, ஊறவைத்த வெள்ளரி, கொத்திறைச்சி ஆகியவற்றால் எளிமை பெற்று எல்லார் வீட்டுக்கும் உரியதாயிற்று.

கிறிஸ்து பிறப்பு விழா 1991இல் மீண்டும் பொது விடுமுறையாயிற்று. அதற்கு முந்திய நாள் மாலை முதல் விண்மீன் தோன்றும் வரை உண்ணாதிருந்து, பின்னர் வேகவைத்த தானியத்தில் தேன் கலந்த 'சோச்சிவா'வை உண்பது மரபு. அன்று முதல் ஜனவரி 19ஆம் நாள் வரும் திருமுழுக்கு விழா வரையுள்ள நாள்கள் 'ஸ்வியாத்கி' எனப்படும். மாறுவேடமிட்டு வீடுதோறும் பாடிச் செல்லுதலும், மணமாகாப் பெண்கள் வருங்காலக் கணவனைப் பற்றிக் குறி பார்த்தலும் இந்நாள்களுக்குரியன. பூஷ்கினின் 'யெவ்கேனி அனேகின்' காவியத்தில் தத்யானா குறி பார்ப்பதும் தீக்கனவு காண்பதும் இக்காலத்திலேயே. திருமுழுக்கு நாளில் உறைந்த ஆற்றின் பனிக்கட்டியை வெட்டி, அந்நீரில் மும்முறை மூழ்கி எழுவோர் இன்றும் பலர்.

மாஸ்லெனித்சா: வெண்ணெய் வாரம்

'மாஸ்லோ' என்பது வெண்ணெயையும் எண்ணெயையும் குறிக்கும் சொல். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்வரும் பெருநோன்பு தொடங்குமுன் அமையும் ஒரு வாரம் மாஸ்லெனித்சா ஆகும். அவ்வாரத்தில் இறைச்சி விலக்கப்பட்டுவிடும். பால், வெண்ணெய், முட்டை ஆகியன உண்ணலாம். எனவே வீடுதோறும் 'ப்ளினி' சுடப்படும். புளிக்கவைத்த மாவினால் மெல்லியதாகச் சுடப்படும் இவ்வப்பம் நம் தோசையை நினைவூட்டும்.

வட்டமான ப்ளினி கதிரவனின் சின்னம் என்பது எங்கும் சொல்லப்படும் விளக்கம். நாட்டாரியல் அறிஞர் விளாதீமிர் புரோப் 1963இல் வெளியிட்ட உருசிய உழவர் விழாக்கள் பற்றிய நூலில், ப்ளினி நீத்தார் நினைவுச் சடங்குகளில் படைக்கப்படும் உணவு என்பதைச் சுட்டிக்காட்டினார். முதல் அப்பத்தை முன்னோர்க்கென எடுத்து வைக்கும் வழக்கம் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. பனிக்காலம் முடிந்து மண் விழிக்கும் வேளையில், மண்ணுக்குள் இருக்கும் முன்னோரை நினைப்பது உழவர்க்கு இயல்பேயாகும். கேட்டவுடன் இனிக்கும் விளக்கமே முழு உண்மையாகிவிடாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இவ்வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பெயருண்டு. புதன்கிழமை மாமியார் மருமகனுக்கு ப்ளினி விருந்தளிப்பார். வெள்ளிக்கிழமை மருமகன் மாமியாரை அழைத்து விருந்தளிப்பான். சனிக்கிழமைக்கு 'ஸலோவ்கா'வின் கூடல் என்று பெயர். அன்று இளம் மருமகள் கணவனுடன் பிறந்தவளை விருந்துக்கு அழைப்பாள். 'ஸலோவ்கா' என்பதற்கு நேரான சொல் ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் 'நாத்தனார்' என ஒரே சொல்லால் பெயர்த்துவிடலாம். கணவனின் தாயையும் மனைவியின் தாயையும் உருசிய மொழி இருவேறு சொற்களால் குறிக்கும். ஆங்கில வழியாகப் பெயர்ப்போர் இவ்வுறவு நுட்பங்களை இழக்கின்றனர். நேரடியாகப் பெயர்ப்போர்க்குத் தமிழின் உறவுச் சொல் வளம் பெருந்துணையாகும்.

ஞாயிற்றுக்கிழமை வைக்கோலால் செய்த குளிர்காலப் பாவையை எரிப்பர். அன்றே ஒருவரையொருவர் நோக்கி 'மன்னித்துக்கொள்' என்று வேண்டுவதும், 'இறைவன் மன்னிப்பார்' என்று மறுமொழி கூறுவதும் உண்டு. உழவர் மரபும் திருச்சபை மரபும் ஒரே நாளில் பிணைந்து நிற்பதை இங்குக் காண்கிறோம். சோவியத்து ஆட்சியில் இவ்விழா 'உருசியக் குளிர்காலத்திற்கு விடைகொடுத்தல்' என்னும் பெயரில் நடத்தப்பட்டது. பெயரில் சமயம் நீங்கிற்று. பாவையும் அப்பமும் நீங்கவில்லை.

உயிர்ப்புப் பெருவிழாவும் நீத்தார் நினைவும்

மரபுவழித் திருச்சபையின் விழாக்களுள் முதன்மையானது 'பாஸ்ஹா' எனப்படும் உயிர்ப்புப் பெருவிழா. இதன் நாள் பழைய நாட்காட்டியைக் கொண்டு கணிக்கப்படுவதால், மேலைத் திருச்சபைகளின் ஈஸ்டருக்குப் பெரும்பாலும் பிந்தியே வரும். நள்ளிரவு வழிபாட்டிற்குப்பின் 'கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்' என ஒருவர் கூற, 'மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்' என மற்றவர் மறுமொழி கூறி, இருவரும் மும்முறை முத்தமிட்டுக் கொள்வர். வெங்காயத் தோலிட்டுச் செந்நிறமாக வேகவைத்த முட்டை, உயரமான 'குலீச்' ரொட்டி, பாலாடைக் கட்டியால் செய்த 'பாஸ்ஹா' ஆகியன அன்றைய உணவுகளாகும்.

சோவியத்துக் காலத்தில் ஆலயங்கள் பல மூடப்பட்டன. எனினும் உயிர்ப்பு விழாவை ஒட்டிய நாள்களில் அரசு ரொட்டிக் கடைகளிலேயே குலீச்சைப் போன்ற ஒரு ரொட்டி 'வசந்தகால கேக்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் அஃது என்னவென்று தெரியும். ஆலயம் செல்ல இயலாதோர் அன்று குடும்பத்தாரின் கல்லறைகளுக்குச் சென்றனர். விழாவின் ஒன்பதாம் நாளாகிய 'ராதனித்சா'வே கல்லறைக்குச் செல்லத் திருச்சபை வகுத்த நாள். ஆயினும் விழா நாளன்றே செல்லும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றி இன்றும் நீடிக்கின்றது. தடையே ஒரு புதிய மரபைத் தோற்றுவித்தது எனலாம்.

உயிர்ப்பு விழாவின் 50ஆம் நாள் வரும் 'த்ரோயித்சா' என்னும் திரித்துவ விழாவில் வீடுகளையும் ஆலயங்களையும் பிர்ச் மரக் கிளைகளால் அணிசெய்வர். ஆகஸ்டு 19ஆம் நாள் புதிய ஆப்பிள்களை ஆலயத்தில் படைத்தபின் உண்பர். இவையிரண்டும் உழவர் மரபின் எச்சங்களாகும்.

புரட்சி தந்த நாள்கள்

1917ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், பழைய கணக்கில் பிப்ரவரி 23ஆம் நாள், பெத்ரோகிராத் நகரப் பெண் தொழிலாளர்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினர். அதுவே ஜார் ஆட்சியை வீழ்த்திய பிப்ரவரிப் புரட்சியின் தொடக்கமாயிற்று. அனைத்துலக மகளிர் நாளான அது, 1965ஆம் ஆண்டு ஆணையால் விடுமுறை நாளாக்கப்பட்டது. காலப்போக்கில் போராட்ட நினைவு மங்க, தாய்க்கும் மனைவிக்கும் ஆசிரியைக்கும் மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து அளிக்கும் வசந்த விழாவாக அது மாறியது. பூக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும், இரட்டைப்படை இறந்தோர்க்குரியது.

புதிய கணக்கின் பிப்ரவரி 23, செம்படையை நினைவுகூரும் நாளாக வளர்ந்து, இன்று 'தாயகக் காவலர் நாள்' எனப்படுகின்றது. 2002 முதல் இது விடுமுறை நாளாகும். படையில் பணியாற்றாத ஆடவர்க்கும் சிறுவர்க்கும்கூட அன்று வாழ்த்தும் பரிசும் உண்டு. மகளிர் நாளும் ஆடவர் நாளாகிவிட்ட இந்நாளும் இரு நாட்காட்டிகளிலும் ஒரே தேதியின் இரு முகங்களாக அமைந்தது வியப்புக்குரிய தற்செயலாகும். மே முதல் நாளும் 1992இல் 'வசந்த, உழைப்பு விழா' எனப் பெயர் மாறியது. பலர்க்கு அது நகர்ப்புறத்தை விட்டுத் 'தாச்சா' என்னும் தோட்ட வீட்டுக்குச் சென்று பயிரிடும் பருவத்தின் தொடக்கமாகும்.

வெற்றி நாள்

அரசு விழாக்களுள் வீட்டுக்குள் ஆழ வேரூன்றியது மே 9 ஆகும். 1945 மே 8ஆம் நாள் பின்னிரவில் பெர்லினில் நாஜி ஜெர்மனி சரணடைந்தபோது மாஸ்கோவில் மே 9 பிறந்திருந்தது. அப்போரில் சோவியத்து மக்கள் ஏறத்தாழ 27 மில்லியன் பேர் மாண்டனர். ஒருவரையேனும் இழக்காத குடும்பம் அரிது. ஆயினும் 1948 முதல் 1964 வரை மே 9 வேலைநாளாகவே இருந்தது. 1965இல்தான் மீண்டும் விடுமுறையாயிற்று. இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் படை அணிவகுப்பு ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கியது 1995 முதலேயாகும். அதற்குமுன் இந்நாளின் மையம் வீடே. மாண்டோர்க்காக அருந்தும்போது கோப்பையோடு கோப்பையை முட்டாமல் அமைதியாக அருந்தும் வழக்கம் இன்றும் உண்டு.

2012இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரச் செய்தியாளர் மூவர் 'அழியாப் படையணி' என்னும் ஊர்வலத்தைத் தொடங்கினர். போரில் பங்கேற்ற தம் குடும்பத்தாரின் நிழற்படத்தை ஏந்தி மக்கள் நடந்தனர். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் தெருவுக்கு வந்தது. விரைவிலேயே அரசு இவ்வூர்வலத்தைத் தன்வயப்படுத்தியது. 2015இல் மாஸ்கோ ஊர்வலத்தில் நாட்டு அதிபரே பங்கேற்றார். 2022இல் உருசியா உக்ரைன்மீது முழு அளவிலான படையெடுப்பை மேற்கொண்டபின், 1945இன் நினைவு நிகழ்காலப் போரை நியாயப்படுத்தும் மொழியாகவும் அரசால் கையாளப்படுகின்றது. 2023இல் பாதுகாப்புக் காரணம் கூறப்பட்டு ஊர்வலம் வழக்கமான முறையில் நடைபெறவில்லை. அதே 2023இல் உக்ரைன் கிறிஸ்து பிறப்பு விழாவைச் சட்டத்தால் டிசம்பர் 25க்கு மாற்றிக் கொண்டது. நாட்காட்டி என்பது எத்துணை உயிர்ப்பான அரசியற்பொருள் என்பதை இவை உணர்த்துகின்றன. பாட்டனின் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடும் முதியவரையும், அக்கண்ணீரைப் பயன்கொள்ளும் அரசையும் வேறுபடுத்திக் காண்பது ஆய்வாளர் கடமையாகும்.

புதிய அரசு விழாக்கள்

1990 ஜூன் 12ஆம் நாள் உருசியக் குடியரசின் இறைமைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அந்நாள் பின்னர் விடுமுறையாகி, 2002இல் 'உருசிய நாள்' எனப் பெயர் பெற்றது. புரட்சி நாளான நவம்பர் 7, 1996இல் 'உடன்பாட்டிற்கும் நல்லிணக்கத்திற்குமான நாள்' எனப் பெயர் மாற்றப்பட்டு, 2005இல் விடுமுறைத் தகுதியை இழந்தது. அதற்கு ஈடாக நவம்பர் 4 'மக்கள் ஒற்றுமை நாள்' ஆயிற்று. 1612இல் குஸ்மா மீனினும் கோமகன் பொழார்ஸ்கியும் திரட்டிய மக்கட்படை போலந்துப் படையினரிடமிருந்து மாஸ்கோவை மீட்டதை அது நினைவுகூர்கின்றது.

இங்கும் நாட்காட்டி குறுக்கிடுகின்றது. அந்நிகழ்ச்சிக்குரிய பழைய தேதி அக்டோபர் 22. 17ஆம் நூற்றாண்டில் இரு நாட்காட்டிகளுக்குமிடையே வேறுபாடு 10 நாள்களே. எனவே சரியான புதிய தேதி நவம்பர் 1 ஆகும். நவம்பர் 4 என்பது இன்றைய 13 நாள் வேறுபாட்டின்படி கசான் அன்னையின் திருவுருவ விழா வரும் நாள். புத்தம்புதிய அரசு விழாவும் திருச்சபையின் பழைய நாட்காட்டியின்மீதே நிற்கின்றது. எனினும் இவ்விழாக்கள் எதனைக் குறிக்கின்றன என்பதைப் பலரால் சரியாகக் கூற இயலவில்லை என்பதை அந்நாட்டுக் கருத்துக் கணிப்புகள் காட்டியுள்ளன. இவற்றுக்கெனத் தனி உணவோ வீட்டுச் சடங்கோ அமையவில்லை என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. தடை செய்யப்பட்ட மரம் வேறு நாளில் மீண்டது; குலீச் வேறு பெயரில் விற்கப்பட்டது; போராட்ட நாள் பூங்கொத்து நாளாயிற்று; 17 ஆண்டுகள் விடுமுறை மறுக்கப்பட்ட மே 9 வீடுகளில் உயிரோடிருந்தது. சட்டத்தால் மட்டும் நிற்கும் விழாக்களோ விடுமுறை என்ற அளவிலேயே நிற்கின்றன.

தமிழாசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இதில் பயனுண்டு. உருசியப் படைப்பு ஒன்றைக் கற்பிக்கும்போது அதில் வரும் தேதி எந்த நாட்காட்டிக்குரியது, கதைமாந்தர் உண்பது நோன்புக்கால உணவா விருந்துணவா என வினவுதல் வேண்டும். பெருநாள் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்க்கு, 'இவ்விழா இக்காரணத்தால் தோன்றியது' என்னும் ஒற்றை வாய்பாட்டை மட்டும் கற்பிப்பது போதாது. அவ்விழாவில் யார், யாருக்கு, என்ன செய்கிறார்கள் என்று உற்றுநோக்கக் கற்பித்தல் வேண்டும். அவ்வாறு நோக்கும் மாணவர், 'புத்துயிர்ப்பு' புதினத்தின் அவ்விரவுக் காட்சியை அடுத்தமுறை படிக்கும்போது, அம்முத்தத்தில் ஒரு சமூகமே வைத்திருந்த நம்பிக்கையையும், அது முறிந்தபோது காத்யூஷா இழந்தது எத்துணை என்பதையும் உணர்வர் என நம்புகிறோம்.